எண்ணாத வளவு

மாமா லண்டனுக்கு வந்த முதல் கிழமையே எங்கள் தெருவில் நின்ற மரங்களை எண்ணி முடித்துவிட்டார்.

கிங்ஸ்பரியில் நாங்கள் இருந்த தெரு நீளமானது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், நடைபாதை ஓரத்தில் செரி மரங்கள். காலையில் தேத்தண்ணி குடித்ததும் என் கணவரின் பழைய கோட்டைப் போட்டு, மப்ளரால் காதை மூடிக்கொண்டு புறப்படுவார். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "வலப்பக்கம் இருபத்தாறு, இடப்பக்கம் இருபத்தொண்டு. இடப்பக்கத்தில ரெண்டு பட்டுப்போச்சுது" என்பார். என்னிடம்தான் சொல்கிறாரா, தனக்குத்தானே சொல்கிறாரா என்று தெரியாது. "ஓம் மாமா" என்றுவிட்டு நான் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு ஓடுவேன். ஒரு மாதத்துக்குள் பூங்காவையும் எண்ணிவிட்டார்.

மாமா என்பது என் கணவரின் தகப்பன். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பங்குனியில் வந்தார். முந்தின வருடம் ஆனியில் சண்டை மறுபடியும் தொடங்கி, விமானத் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் வெறுமையாகியிருந்தன. எங்கள் ஊரும் அதில் ஒன்று. மாமாவும் மாமியும் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெற்கே நடந்து, மானிப்பாயில் மாமியின் அக்கா வீட்டில் போய் இருந்தார்கள். நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து, பசுவுக்கு வைக்கோல் போட்டுவிட்டுப் புறப்பட்டார்களாம்.

இரண்டு பேரையும் இங்கே கூப்பிட என் கணவர் எல்லா ஒழுங்கும் செய்தார். மாமாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து, மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சைக்கு இனித் தாமதிக்க முடியாது. ஆனால் மாமியின் அக்கா பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். "நீங்கள் முதல்ல போங்கோ. அக்காவை ஒரு வழி பண்ணிப்போட்டு நான் பிறகு வாறன்" என்று மாமி சொன்னாராம். மாமா கொழும்புக்கு வந்து விமானம் ஏறினார். அதன் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருகிற பாதைகள் ஒவ்வொன்றாக மூடின. அங்கே மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. கடிதம் மட்டும், அதுவும் யாராவது கொழும்புக்கு வருபவரின் கையில்.

மாமியை நினைக்காத நாள் எனக்கும் இருக்கவில்லை. எண்பத்தாறில் கலியாணம் முடிந்து, விசா வரும்வரை அந்த வீட்டில் நாலு மாதம் இருந்தேன். என் அம்மா நான் எட்டு வயதாயிருக்கும்போதே இறந்துபோனார். பெற்ற தாய் செய்யாமல் போனதையெல்லாம் அந்த நாலு மாதத்தில் மாமி செய்தார். வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடியில் என்னைக் குந்த வைத்து, அரப்புத் தேய்த்துத் தலை முழுக வார்ப்பார். வீட்டுக்கு மேலால் விமானம் போனால் பேசிக்கொண்டிருந்த சொல்லிலேயே நிறுத்திவிடுவார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். லண்டனில் எத்தனையோ வருடம், குளியலறையில் ஷவரின் கீழே கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது, அவருடைய கை என் தலையில் படப்போகிறது என்று ஒரு கணம் காத்திருந்திருக்கிறேன்.

மாமா ஏன் மரங்களை எண்ணுகிறார் என்று ஒருநாள் கணவரிடம் கேட்டேன். வேலையிலிருந்து வந்து, சீருடையோடு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார்.

"ஐயா அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இருந்தவரெல்லே. வெள்ளைக்காரன்ர காலத்தில, உலகச் சண்டை நடக்கேக்கை, பிளேன் இறங்க எங்கட பக்கம் காணி எடுத்தவங்கள். நட்டஈடு குடுக்க ஒவ்வொரு வளவிலயும் என்ன நிக்குது எண்டு எண்ணி எழுதோணும். அதுக்கு ஐயாவைத்தான் அனுப்பினவை."

"சொந்த ஊரிலேயா?"

"ஓம். அதால ஊரில கொஞ்சப் பேர் கனகாலம் அவரோட கதைக்கேல்லையாம். நீர் உதை அவரிட்டைக் கேட்கவேண்டாம். சொல்லமாட்டார்."

நான் கேட்கவில்லை. கேட்க வேறொருவர் வந்தார்.

கணவர் ஹீத்ரோவில் சரக்குப் பகுதியில் வேலை செய்தார். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில் எங்கள் ஆட்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஹவுன்ஸ்லோவில் இருந்த ஒரு அக்கா, பஸ் தரிப்பில் அவரோடு கதைத்துப் பழக்கமானவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கதைக்குள் கதையாக என் கணவரின் ஊர் எது, தகப்பன் யார் என்று தெரிந்ததும் அந்த அக்கா எங்கள் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கிறீன் பார்க்கில் ரெயில் மாறி, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் தந்தார். உள்ளே மடிப்புகளில் கிழிந்து, பழுப்பேறிய ஒரு தாள். ஆங்கிலத்தில் அச்சடித்த வரிகள். இடைவெளிகளில் மையினால் எழுதிய எண்கள். காய்க்கும் தென்னை, காய்க்காத தென்னை, பனை, மா, பலா, கிணறு, வீடு. அவர்களுடைய வளவுக்கு அரசாங்கம் கொடுத்த கடதாசி.

"அம்மா உதை வேதப் புத்தகத்துக்குள்ள வைச்சிருந்தவ. காணி போகேக்கை எனக்கு மூண்டு வயசு. ஒண்டுமே ஞாபகம் இல்லை, தங்கச்சி. அம்மா சாகுமட்டும் அந்த வளவைப் பற்றித்தான் கதைச்சவ. நான் ஒழுங்காக் கேட்டதில்லை. பிறகு கேக்கலாம் எண்டு இருந்திட்டன். இப்ப அண்ணன்மாரும் இல்லை. உங்கட மாமாதான் எங்கட வளவைப் பாத்து எழுதினவர் எண்டு அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறன். எப்பிடி இருந்தது எண்டு அவரிட்டை ஒருக்காக் கேட்டுப் போகலாம் எண்டு வந்தனான்."

மாடிக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். கட்டிலில் இருந்து வானொலிப் பெட்டியின் ஊசியைத் திருகிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"மறந்துபோச்சுது எண்டு சொல்லு பிள்ளை."

"அவ ரெண்டு ரெயில் மாறி வந்திருக்கிறா, மாமா."

"மறந்துபோச்சுது எண்டு சொல்லு."

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் படியிறங்கி வந்தேன். என் முகத்திலேயே அந்த அக்காவுக்கு விளங்கிவிட்டது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "பரவாயில்லை. வயசுபோன மனுசர்" என்று எழுந்தார். அந்தத் தாளின் போட்டோக் கொப்பி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில், மீன் கட்லற் நிறைத்த ஒரு ஐஸ்கிறீம் டப்பா.

திங்கட்கிழமை நான் வேலையால் வந்தபோது மாமா சாப்பாட்டு மேசையில் அந்தக் கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். கண் சத்திரசிகிச்சை முடிந்து புதுக் கண்ணாடி போட்டிருந்தார். தாளைக் கிட்டக் கொண்டுவருவதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தார்.

"இது என்ர கையெழுத்து" என்றார். "அப்ப எனக்கு ஏழு வடிவா வராது. பார், ஒண்டு மாதிரிக் கிடக்கு."

நான் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை திருப்பி வருவாவோ?"

அடுத்த ஞாயிறு மத்தியானம், என் கணவர் சொல்லி அந்த அக்கா வந்தபோது மாமா வேட்டி உடுத்து, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் இருந்தார். அந்த அக்காவைத் தனக்கு எதிரில் இருக்கச் சொன்னார். கொப்பியைக் கையில் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்கட வளவு ஒழுங்கையின்ர கடைசியில. தெற்குப் பாத்த படலை. உள்ளுக்க வந்தவுடனே இடக்கைப் பக்கம் ஒரு மாதாக் கூடு, சுண்ணாம்பு அடிச்சது. அதுக்குப் பின்னால ரெண்டு தென்னை, கிட்டக்கிட்ட, ஒரு தேங்காய் முளைச்சு ரெட்டையா வந்த மாதிரி. வீடு மண் வீடு, கிடுகுக் கூரை. முன்னுக்குச் சாணி மெழுகின விறாந்தை. கிணறு வீட்டுக்குப் பின்னால இல்லை, பக்கத்தில. மேற்குப் பக்கம். கிணத்தடியில வாழை, அதைக் கணக்கில எடுக்கேல்லை. மா ஒண்டுதான் எண்டு எழுதியிருக்கிறன். கறுத்தக் கொழும்பான். அது கிழக்கு வேலிக்குக் கிட்ட நிண்டது. கொப்பு பக்கத்து வளவுக்குள்ள போயிருந்தது. பாதி அவையின்ர எண்டு அவை சொல்லிச் சண்டை. நான் அடி எங்க நிக்குதோ அவைக்கு எண்டு எழுதினனான்."

அந்த அக்கா மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் கோப்பை துடைக்கிற துணியோடு நின்றேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வருடத்துக்கு முந்திய வளவு. மாமா அதற்குள் நடந்துகொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"ஒரு விசயம் சொல்லோணும். உங்கட கொம்மா என்னைக் கேட்டவ. வடக்கு வேலியோட ஏழு வடலி நிண்டது. என்ர தலை உயரம் இருக்கும். தம்பி, உதுகள் நாளைக்குப் பனையாகிறதுதானே, பனை எண்டு எழுதிவிடும் எண்டு கேட்டவ. கையில பிள்ளையோட நிண்டு கேட்டவ. அது நீராத்தான் இருக்கோணும். எங்களோட வந்த துரை ஜீப்பில இருந்து சுருட்டுப் பத்திக்கொண்டிருந்தவன். அவனுக்கு வடலியும் தெரியாது, பனையும் தெரியாது. நான் எழுதியிருக்கலாம். ஆருக்கும் தெரிஞ்சிராது. வடலிக்குக் காசில்லை அம்மா, உள்ளதைத்தான் எழுத ஏலும் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். நேர்மையா இருக்கோணும் எண்டு பெரிய எண்ணம்."

 வெளியே யாரோ காரைப் பின்னுக்கு எடுத்தார்கள்.

"அம்மா வடலியைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை, ஐயா" என்றார் அந்த அக்கா மெதுவாக. "மல்லிகையைப் பற்றித்தான் சொல்லுவா. படர விட்டிருந்தவவாம்."

"ஓம். கிணத்தடிக்குப் போற வழியில பந்தல் போட்டிருந்தது. குனிஞ்சுதான் போகோணும். நான் அளவு நாடாவோட போகேக்கை தலையில முட்டினது."

"அது இதில இல்லையே."

"மல்லிகைக்கு எழுத ஒரு கோடு அந்தத் தாளில இருக்கேல்லை, பிள்ளை."

அதற்குப் பிறகு அந்த அக்கா அழுதார். பெரிதாக இல்லை. கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். மாமா எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றார். "தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஓம் என்றார்கள்.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அவர் வருவார். ஒரு தடவை, சுவருக்கு ஒட்டி மிஞ்சிய காகிதச் சுருளிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து, மறுபக்கத்தில் வளவின் படத்தைக் கீறத் தொடங்கினார். மாமா சொல்லச் சொல்லப் பென்சிலால் கீறுவார், அழிப்பார். "படலையில இருந்து கிணத்துக்கு எத்தனை அடி, ஐயா?" "அடுப்படி வாசல் எந்தப் பக்கம்?" ஒருநாள் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து, படலையிலிருந்து தொடங்கி, மாதாக் கூட்டைத் தாண்டி, விறாந்தையால் ஏறி, குசினிக்குள் போய், பந்தலுக்குக் கீழால் கிணற்றடிக்கு வந்து நின்றார். "இப்ப எனக்குப் பாக்காமலே போக ஏலும்" என்றார்.

அவருக்குக் காணி திரும்ப வேண்டுமென்ற எண்ணம் இல்லை. நட்டஈட்டுப் பணத்தில் தகப்பன் வேறு ஊரில் காணி வாங்கினாராம். அங்கேதான் வளர்ந்தார், படித்தார், கலியாணமும் முடித்தார். ஆனால் தாய் அந்தப் புது வளவை ஒருநாளும் எங்கட வளவு என்று சொன்னதில்லையாம். "இந்தக் காணி" என்றுதான் சொல்லுவாராம். தாய் கடைசிவரை எங்கே இருந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் தான் வந்ததாக அந்த அக்கா ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

ஒரு நாள், தொண்ணூற்றிரண்டு மாரியாக இருக்கவேண்டும், வெளியே நாலு மணிக்கே இருட்டுப் பட்டுக்கொண்டிருந்தது. தேத்தண்ணியும் வடையும் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். மாமா யாருடைய வளவில் எத்தனை மரம் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விதானையாரின் வளவு, கடைக்காரரின் தோட்டம், கோயிலடிக் காணி. அறுபதுக்கு மேற்பட்ட வளவுகள் அவருடைய தலைக்குள் இருந்தன. அந்த அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்:

"உங்கட வளவில எத்தனை தென்னை, ஐயா?"

மாமா வடைத் தட்டைத் தள்ளிவைத்தார். 

"எங்கட வளவில..." என்றார். விரலை மடக்கினார். "முன்னுக்கு நாலு. இல்லை, அஞ்சு. கிணத்தடியில..." என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ இருந்தனீதானே. கிணத்தடியில எத்தனை?"

எனக்கும் தெரியவில்லை. நாலு மாதம் அந்த நிழலில் நின்று தலை முழுகியவள்தான் நான். ஒருநாளும் எண்ணவில்லை.

"எங்கட பக்கம் அந்த முறை எடுக்கேல்லை" என்றார் மாமா. "றோட்டுக்கு அங்கால மட்டும்தான் எடுத்தவங்கள். அதால எங்கட வளவை நான் எண்ணேல்லை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அண்டைக்கு எங்கட கையால அவைக்கு ஒரு கடதாசியாவது குடுத்தம். எங்களுக்கு ஒருத்தரும் ஒரு கடதாசியும் தரேல்லை."

அந்த அக்கா, தான் கேட்டது பிழையோ என்று கலங்கிப்போனார். மாமா அவரைப் பஸ் தரிப்புவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் அன்றிலிருந்து ஒரு மாதிரியாகிவிட்டார். சாப்பாட்டு மேசையில் கடித உறைகளின் பின்பக்கத்தில் ஏதேதோ கீறுவார். ஒருநாள் பதினேழு என்பார், மறுநாள் பத்தொன்பது. நடக்கப் போவது குறைந்தது. ஒரு தடவை நான் கறிக்குத் தேங்காய்ப்பால் டின்னைத் திறந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "எலுமிச்சை எந்தப் பக்கம் நிண்டது?" என்று கேட்டார். குரலில் ஒரு பயம் இருந்தது. மனிதர் தன் பிள்ளையின் முகத்தை மறந்துவிட்டது போல.

கடைசியில் மாமிக்கு எழுதினார். வழக்கமாக அவர் எழுதும் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்: சுகம், மருந்து, மகனின் வேலை. அந்தக் கடிதத்தை இரண்டு நாள் எழுதினார். கொழும்பில் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பி, அவர் அங்கிருந்து யாரிடமோ கொடுத்தார். பதில் வர ஐந்து மாதத்துக்கு மேல் சென்றது.

அது வந்த நாளில் நான் வீட்டில் நின்றேன். கொழும்பு முத்திரை ஒட்டிய உறைக்குள் கொப்பியிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள்கள். மாமியின் உருண்டை எழுத்து. மாமா கண்ணாடியைத் தேடித் தேடி, அது நெற்றியில் இருப்பதைக் கண்டுபிடிக்காமல், "நீ வாசி பிள்ளை" என்று என்னிடம் நீட்டினார்.

தன் அக்காவின் வருத்தம், மண்ணெண்ணெய் விலை, பதுங்குகுழிக்குள் தண்ணீர் நின்றது எல்லாம் எழுதிவிட்டு, இரண்டாம் தாளில் மாமி இப்படி எழுதியிருந்தார்:

"எத்தனை தென்னை என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒருநாளும் எண்ணவில்லை. தண்ணீர் விடுகிற ஒழுங்கைச் சொல்கிறேன், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கோ. முதல் வாய்க்கால் போவது கூனல் தென்னைக்கு. அதற்குப் பிறகு மகன் பிறந்த வருடம் வைத்தது. பக்கத்தில் இடி விழுந்தது. அதை வெட்டுவோம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், நான் விடவில்லை, அதற்கும் தண்ணீர் விடுவேன். பிறகு குசினிக்குப் பின்னால் இரண்டு. அவைக்கு வாய்க்கால் இல்லை, அரிசி கழுவிய தண்ணீர்தான். மருமகள் தலை முழுகிய தண்ணீர் போய்ச் சேருவது எலுமிச்சைக்கு. அவள் போன பிறகு நான் வாளியால் ஊற்றினேன். வேலிக்கரையில் நிற்பதுகள் தங்கள் பாட்டில் வளர்ந்ததுகள், அதுகளுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. இப்போது யார் தண்ணீர் விடுகிறார்களோ தெரியாது. மழை பெய்தால் சந்தோஷப்படுகிறேன்."

எலுமிச்சை வரிக்கு வந்ததும் எனக்கு வாசிக்க முடியவில்லை. தாளை மாமாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அங்கே நின்றேன். ஊரை விட்டு வந்து ஏழு வருடத்தில் நான் அப்படி அழுததில்லை.

மாமா அந்தத் தாளை எத்தனை தடவை வாசித்தார் என்று தெரியாது. விரலால் எண்ணிப் பார்ப்பார். வேலிக்கரையில் நிற்பதுகள் என்ற இடத்தில் கணக்கு நின்றுவிடும். எத்தனை என்று மாமி எழுதவில்லை. அவர் மறுபடி கேட்டு எழுதவுமில்லை. அதற்குப் பதிலாக ஒருநாள் சாப்பாட்டில் இருந்துகொண்டு மகனிடம் சொன்னார்:

"நான் போகப்போறன்."

"எங்கை ஐயா?"

"கொம்மாட்டை."

"பாதை இல்லை. கிளாலிக் கடலாலதான் போகோணும். எழுபத்திமூண்டு வயசில உங்களை வள்ளத்தில ஏத்தி அனுப்ப ஏலாது."

"அவ அங்கை இருக்கிறா."

"அம்மாவை இஞ்சை எடுக்கிறதுக்குத்தானே நான் பாக்கிறன்."

"அவ வரமாட்டா. உனக்கும் தெரியும். அக்கா இருக்குமட்டும் வரமாட்டா. நான் இஞ்சை சூடு போட்ட அறைக்குள்ள இருந்துகொண்டு மரம் எண்ணிக்கொண்டிருக்கிறன்."

என் கணவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கோபமாகப் பேசுகிறவரல்ல அவர். "என்ர பிழைதான். ரெண்டு பேரையும் ஒண்டாக் கூப்பிட்டிருக்கோணும். பிரிச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே வெளியே போனார். மாமா அவருடைய தட்டில் மிஞ்சியிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தோம், ஒரே மேசையில் இருந்துகொண்டே.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரேயடியாக இடம்பெயர்ந்தது. மாமி எங்கே என்று மூன்று மாதம் தெரியாது. அந்த மூன்று மாதமும் ஹவுன்ஸ்லோ அக்கா வேலை முடிந்த கையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.  வெங்காயம் உரித்துத் தருவார், மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து அவரோடு செய்தி கேட்பார். பிறகு செஞ்சிலுவைக்காரர் மூலமாக ஒரு சின்னத் துண்டு வந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாக. மாமியின் அக்கா வழியிலேயே இறந்துபோனதாக. மாமா அந்தத் துண்டைப் படித்துவிட்டு, "இனி வருவா" என்றார். மைத்துனி செத்த துடக்குக்குத் தலை முழுகிவிட்டு வந்துதான் அதைச் சொன்னார், அதில் சந்தோஷம் எது, துக்கம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மாமி கொழும்புக்கு வந்து சேர இன்னும் ஒரு வருடம் பிடித்தது. திருகோணமலைக்குக் கப்பல், அங்கிருந்து பஸ். ஆனால் லண்டனுக்கு வர மறுத்துவிட்டார். இனி ஒரு புது இடம் பழக முடியாது, கடலைத் தாண்டமாட்டேன் என்றார். மாமா ஒரு வாக்குவாதமும் செய்யவில்லை. "அப்ப நான் போறன்" என்றார். இந்த முறை என் கணவரும் மறுக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்.

தொண்ணூற்றேழு சித்திரையில் அவரை ஹீத்ரோவுக்குக் கூட்டிப்போனோம். உள்ளே போகிற வாசலடியில் நின்றபோது ஹவுன்ஸ்லோ அக்கா ஓடிவந்தார். வேலை நடுவில் அனுமதி கேட்டு வந்தவர். தலைமயிரை மூடுகிற வலைத் தொப்பியைக் கழற்றக்கூட மறந்துபோயிருந்தார். மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்கள் எனக்கு அம்மாவைக் காட்டினீங்கள்" என்றார்.

 "குளிருக்குள்ள வெளியில நிக்காதையும் பிள்ளை, உள்ள போம்" என்றார் மாமா. பிறகு என் தலையில் கை வைத்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. மகனை நிமிர்ந்து பார்க்காமல், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரெயிலில் திரும்பி வந்தோம். அக்ரன் நிலையம் தாண்டியபோது என் கணவர், "சின்ன வயசில அம்மாவும் அவரும் சேர்ந்து இருந்து கதைச்சு நான் கண்டதில்லை. ஒருத்தர் தோட்டத்தில, ஒருத்தர் குசினியில" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போன் கார்ட் வாங்கி வெள்ளவத்தைக்கு எடுத்தேன். மணி நீளமாக அடித்தது. மாமிதான் எடுத்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"ஆர், பிள்ளையோ?"

"ஓம் மாமி."

 அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா, மெலிந்துபோனாயாம், தலைமயிர் கொட்டுகிறதா. நான் ஓம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் மாமா அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார்.

"இவர் சொல்லுறார், வெளிக்கிட்ட அண்டைக்குப் படலையைத் தான் சாத்திப்போட்டு வந்தவராம்" என்றார் மாமி. "சாத்தேல்லை. நான் திரும்பிப் பாத்தனான். ஆவெண்டு திறந்து கிடந்தது."

"சாத்தினனான்" என்றது மாமாவின் குரல், தூரத்தில். "கொளுவியும் போட்டனான்."

"ஒரு கையில சைக்கிள், மற்றக் கையில பை. எந்தக் கையால கொளுவி போட்டனீங்கள்?"

"சைக்கிளை உம்மட்டைத் தந்திட்டுத்தான் போட்டனான்."

"என்னட்டை எப்ப தந்தனீங்கள்? சந்தி தாண்டித்தான் தந்தனீங்கள்."

நான் தொலைபேசியில் இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். கீழே பெருவீதியில் பஸ் ஹோன் அடித்தது கேட்டது. யாரோ கதிரையை இழுத்தார்கள். மாமி மெல்லச் சிரிப்பதும், மாமா விடாமல் தன் பக்கத்தைச் சொல்வதும் கேட்டுக்கொண்டிருந்தன. என் கணவர் வந்து, "என்ன சொல்லினம்?" என்று சைகையால் கேட்டார். ரிசீவரை இரண்டு பேருடைய காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். கார்டில் இருந்த நிமிடங்கள் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.